ரயிலடியில் வண்டி நிறுத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அதிகாலை ரயிலைப் பிடிக்க, இருசக்கர வாகனத்தை நிலைய வாசலில் நிறுத்திவிட்டு ஓடும் அன்பர்களுக்கு,



திருநின்றவூர், கூடுவாஞ்சேரி, பொன்னேரி என்று சென்னைப் புறநகர்ப் பாதையில் எந்த ரயில் நிலையத்தை எடுத்துக்கொண்டாலும், காலை எட்டு மணிக்குள் அதன் வாசலில் வண்டிகள் வரிசை கட்டிவிடுகின்றன. ஒன்றின் ஹேண்டில் இன்னொன்றின் கண்ணாடியில் இடிக்கும் அளவுக்கு நெருக்கம். கடைசியாக வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே நடைமேடைக்கு ஓடுகிறார். மறுபடி அவர் அந்த வண்டியைப் பார்க்க இரவு எட்டாகலாம், ஒன்பதாகலாம். நடுவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அது ஆளில்லாமல் நிற்கிறது. இந்த மடல் அந்தப் பத்து மணி நேரத்தைப் பற்றியது.

கடைத்தெருவில் நிறுத்திய வண்டியைத் தொடுகிறவனுக்கு, உரிமையாளர் எந்த நிமிடமும் திரும்பி வரலாம் என்ற பயம் இருக்கும். ரயிலடியில் அந்தப் பயமே கிடையாது. உரிமையாளர் ரயில் ஏறிப் போவதைத் திருடன் கண்ணாலேயே பார்த்துவிடுகிறான். காலை ஒன்பது மணிக்குப் போன வண்டி, போய்விட்டது என்று தெரியவருவதே இரவில்தான். அதற்குள் நம்பர் பிளேட் மாறியிருக்கலாம். வேறு மாவட்டத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு அடகு போயிருக்கலாம். உதிரி பாகங்களாகக் கழன்றிருக்கலாம். செயின் பறிப்புக்கு ஒரு காலைப்பொழுது பயன்படுத்தப்பட்டு, பெட்ரோல் தீர்ந்த இடத்தில் கிடக்கலாம். கடைசியாகச் சொன்னது நடந்தால், புகார் கொடுக்கும் முன்பே போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

வரிசையில் நிற்கும் நூறு வண்டிகளில் ஒன்று மட்டும் ஏன் போகிறது? திருடன் வரிசையோடு நடந்துகொண்டே ஒவ்வொரு ஹேண்டிலையும் கையால் லேசாகத் தள்ளிப் பார்க்கிறான். சைடு லாக் போட்ட ஹேண்டில் அசையாது, போடாதது திரும்பிக்கொடுக்கும். அவன் தேடுவது விலை உயர்ந்த வண்டியை அல்ல, சுலபமான வண்டியை.

இதற்கு வலுவான சான்று ஜெர்மனியில் கிடைத்தது. ஹெல்மெட் அணியாத மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கும் முறை மேற்கு ஜெர்மனியில் 1980இல் வந்தது. தலையைக் காப்பதைத் தவிர அந்த விதிக்கு வேறு நோக்கம் இல்லை. ஆனால், 1980இல் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986இல் ஏறத்தாழ 54 ஆயிரமாக இறங்கியது. பாட் மேஹ்யூ, ரொனால்டு கிளார்க், டேவிட் எலியட் ஆகியோர் இதை ஆராய்ந்து 1989இல் எழுதினார்கள். திருட வருகிறவன் கையில் ஹெல்மெட் இருப்பதில்லை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் முதல் சந்திப்பிலேயே போலீஸ் நிறுத்தும். எனவே கண்ணில் பட்டதும் கைவைக்கும் திருட்டு அடியோடு சரிந்தது. அந்தத் திருடர்கள் எல்லோரும் கார்களுக்குத் தாவிவிடவும் இல்லை. கார் திருட்டு அந்த அளவுக்குக் கூடவே இல்லை.

கார்களின் கதையும் இதையேதான் சொல்கிறது. சரியான சாவி இல்லாமல் எஞ்சின் உயிர்பெறாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் என்ற மின்னணுப் பூட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. நெதர்லாந்தில் அதன் விளைவைக் கணக்கிட்ட பொருளாதார ஆய்வாளர்கள், கார் திருட்டை அது சுமார் 40 சதவீதம் குறைத்ததாகக் கண்டார்கள். அமெரிக்காவில் நடந்தது நேர் எதிர். அங்கு 2015ஆம் ஆண்டு மாடல்களில் மற்ற நிறுவனங்களின் வகைகளில் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் இருந்தபோது, ஹூண்டாய், கியா வகைகளில் 26 சதவீதத்தில்தான் இருந்தது. அந்தக் கார்களைத் திருடும் முறை சமூக ஊடக வீடியோக்களில் பரவியதும், நகரத்துக்கு நகரம் இளைஞர்கள் அவற்றைக் குறிவைத்தார்கள். 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனங்கள் சுமார் 83 லட்சம் வாகனங்களுக்கு இலவச மென்பொருள் திருத்தம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒரு சின்னத் தடை இருந்த இடத்தில் திருட்டு குறைந்தது, இல்லாத இடத்தில் பெருகியது.

ஆகவே, உங்கள் வண்டிக்கு உடைக்கவே முடியாத பூட்டு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு பூட்டு கிடையாது. வரிசையில் சுலபமான வண்டியாக அது இருக்கக் கூடாது. ரயிலைத் தவறவிடாமலே செய்யக்கூடிய அரை நிமிட வேலை இது.

சைடு லாக் முதல் படி. அது மட்டும் போதாது. ஹேண்டிலைக் காலால் உதைத்து அந்தப் பூட்டைச் சில விநாடிகளில் முறிக்கும் காட்சிகளைச் செய்திகளில் வந்த சிசிடிவி பதிவுகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால் கண்ணுக்குத் தெரியும்படி இரண்டாவது பூட்டு ஒன்று வேண்டும். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் டிஸ்க் லாக், இல்லையென்றால் சக்கரத்தைக் கோத்துப் பூட்டும் வீல் லாக் அல்லது சங்கிலி. சங்கிலியை ஸ்டாண்டின் இரும்புத் தூணோடு சேர்த்துப் போடுங்கள். வண்டியைத் தூக்கிப்போவதும் நின்றுவிடும். சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. தரையில் வைத்து அடித்தால் எந்தச் சங்கிலியும் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். டிஸ்க் லாக் போட்டதை மறந்து கிளப்பினால் கீழே விழுவீர்கள். அதனால் ஹேண்டிலில் ஒரு பளிச்சென்ற கயிறு கட்டி அதோடு இணைத்து வையுங்கள்.

சாவித் துவாரத்தை மூடும் மேக்னட் ஷட்டர் இன்று பல வண்டிகளில் இருக்கிறது. அதை மூடுகிறவர்கள் குறைவு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்த பூட்டு வேறு வண்டியின் சாவிக்கும் திறந்துவிடும். வீட்டில் இருக்கும் பழைய சாவி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். திறந்தால் அன்றே மெக்கானிக்கிடம் சொல்லி லாக் செட்டை மாற்றுங்கள். கார்புரேட்டர் உள்ள வண்டியென்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுப் போங்கள். கிளப்பியவன் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடுவான். நடுரோட்டில் அணைந்த வண்டியோடு போராட எந்தத் திருடனுக்கும் துணிவு வராது. ஜிபிஎஸ் கருவி பொருத்துவது நல்லதுதான். ஆனால் அலுவலகத்தில் இருக்கும்போது அதன் எச்சரிக்கை உங்கள் போனில் சத்தமாக வரும்படி வைத்திருந்தால்தான் அதற்குப் பயன். இரவில் திறந்து பார்க்கும் செயலி, திருட்டைத் தடுக்காது.

அடுத்தது டோக்கன். கட்டண ஸ்டாண்டில் நிறுத்துகிறவர்களில் பலர், வாங்கிய டோக்கனை ஸ்பீடோமீட்டர் இடுக்கிலோ சீட்டுக்கு அடியிலோ செருகிவிட்டுப் போகிறார்கள். வண்டியை வெளியே எடுக்க வேண்டிய ஒரே சீட்டு அதுதான். அதை வண்டியிலேயே விட்டால் திருடன் காவலாளியிடம் நீட்டிவிட்டு நிமிர்ந்து வெளியேறுவான். டோக்கன் உங்கள் பர்ஸில் இருக்கட்டும். வாங்கியதும் அதையும், பின்னால் வண்டி நிற்பதையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேதியும் நேரமும் அதில் பதிவாகும். பின்னாளில் வண்டி அங்கே நின்றதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆர்சி புத்தகமும் இன்ஷூரன்ஸ் அசலும் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டிகள் ஏராளம். திருடனுக்கு வண்டியோடு அதன் ஆவணங்களையும் சேர்த்துக் கொடுக்கும் வேலை அது. டிஜிலாக்கரிலும் எம்பரிவாகன் செயலியிலும் உள்ள மின்னணு ஆவணங்களை ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2018லேயே சொல்லிவிட்டது. அசல் வீட்டில் இருக்கட்டும்.

"வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்ததும் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பலகை கடைசித் தீர்ப்பு அல்ல. டெல்லியின் தாஜ்மகால் ஹோட்டலில் 1998இல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்திய ஒரு மாருதி ஜென் கார் திருடுபோனது. டோக்கனில் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு என்று அச்சிட்டிருந்தும், தன் கவனக்குறைவை அந்த வரியைக் காட்டி ஹோட்டல் மறைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. சாவியை நீங்களே வைத்துக்கொள்ளும் ரயிலடி ஸ்டாண்டில் வாதம் சற்று வேறுபடும். என்றாலும், கட்டணம் வாங்கி, டோக்கன் கொடுத்து, டோக்கன் காட்டாமல் வண்டியை விடமாட்டோம் என்று நடத்துகிற இடத்தில் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓர் இரவு வண்டி இல்லை என்றால்?

அக்கம்பக்கம் தேடுவது சரி. ஆனால் "நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்குப் போகக் கூடாது. 112ஐ அழையுங்கள்; வண்டி எண்ணையும் நிறத்தையும் சொல்லுங்கள். பிறகு காவல் நிலையம். இங்கேதான் ரயில் பயணிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் வருகிறது. ரயில்வே வளாகத்துக்குள் நடந்ததென்றால் இருப்புப்பாதை காவல் நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால், வண்டி நின்றது சாலையோரம்தானே, உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போங்கள் என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது. மின்னணு முறையிலும் புகார் தரலாம், மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்ஐஆர் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம்.

நம் ஊர்க் காவல் நிலையங்களில் புகாரைப் பெற்றுக்கொண்டு சிஎஸ்ஆர் ரசீது தருவது வழக்கம். அதோடு திருப்தியடைந்து திரும்பிவிடாதீர்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்பது எஃப்ஐஆர். பின்னர், வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல்துறை தரும் இறுதி அறிக்கையையும் கேட்பார்கள். எஃப்ஐஆர் போட்ட அன்றே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். காவல்துறையிடம் உடனே புகார் கொடுத்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு தீர்ப்பு வாங்க ஒருவர் எத்தனை ஆண்டு அலைய வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு போன் அழைப்பு அதைவிட எளிது.

இன்ஷூரன்ஸ் பற்றி இந்த மடலில் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து 2018 செப்டம்பர் 1 முதல், புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும். ஷோரூமில் "அஞ்சு வருஷ இன்ஷூரன்ஸ் சார்" என்று சொல்லிக் கொடுப்பது இதைத்தான். அது உங்கள் வண்டி மோதி இன்னொருவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உங்கள் வண்டி திருடுபோனால் அதில் ஒரு ரூபாய்கூட வராது. திருட்டுக்கு இழப்பீடு தருவது ஓன் டேமேஜ் என்ற சொந்தச் சேதக் காப்பீடு. அது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்கு மட்டுமே சேர்ந்து வருகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து நீங்களாகப் புதுப்பிக்க வேண்டும். 2019 செப்டம்பரிலிருந்து அதைத் தனியாகவே வாங்கலாம். இது தெரியாமல், கடன் தவணை கட்டிக்கொண்டு, ஐந்தாண்டுக் காப்பீடு இருக்கிறது என்ற நிம்மதியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். வண்டி போனாலும் தவணை நிற்காது.

ஓன் டேமேஜ் இருந்தாலும் வண்டி வாங்கிய முழு விலை கிடைக்காது. ஐடிவி எனப்படும் மதிப்பு வயதுக்கேற்பக் குறையும். ஓராண்டு தாண்டினால் 20 சதவீதம், இரண்டு தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50 சதவீதம் என்பது வழக்கமான கழிவு. லட்ச ரூபாய் வண்டிக்கு மூன்றரை வயதில் சுமார் 60 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். பிரீமியத்தில் சில நூறு மிச்சப்படுத்த ஐடிவியை மேலும் குறைக்கும் முகவர்கள் உண்டு, அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இழப்பீடு கேட்கும்போது இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்று தொலைந்திருந்தால் கேள்விகள் நீளும். எனவே இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனால் நிலைமை இன்னும் மோசம். ஓட்டுநர் சாவியை விட்டு இறங்கியதால் பறிபோன ஒரு லாரியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023இல் இழப்பீட்டில் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. மீதிக் கால் பங்கு கவனக்குறைவின் விலை.

வண்டி கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தால், நீதிமன்றத்தில் மனுப் போட்டு இடைக்காலமாகப் பெற்றுக்கொள்ளலாம். கைப்பற்றிய வாகனங்களைக் காவல் நிலையங்களில் நெடுங்காலம் வைத்திருப்பதில் பயனில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் நிலையங்களின் சுற்றுச்சுவருக்குள் துருப்பிடிக்கும் வண்டிகளை நீங்கள் அன்றாடம் கடந்து போகிறீர்கள். உரிமை கோராதவை கடைசியில் ஏலத்துக்குப் போகும். நம்பர் பிளேட் மாறிய வண்டியை அடையாளம் காட்டுவது சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும்தான். துணியால் துடைத்து அந்த இரண்டையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். வாகனப் பதிவில் உள்ள செல்போன் எண்ணையும் சரிபாருங்கள். பழைய எண் இருந்தால், திருடன் உங்கள் பிளேட்டோடு சிக்னலை மீறும்போது வரும் அபராதக் குறுஞ்செய்தி உங்களை எட்டாது. அந்தச் செய்தியில் இருக்கும் இடமும் நேரமும் சில சமயம் புலனாய்வின் முதல் தடயமாகிவிடும்.

இன்னொரு கடமையும் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று பில் இல்லாத உதிரி பாகத்தையும், பெயர் மாற்றித் தராத பழைய வண்டியையும் வாங்குகிறவர்கள் இருக்கும்வரை ரயிலடியில் வண்டி போய்க்கொண்டுதான் இருக்கும். பழைய வண்டி வாங்கும் முன், ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில், அது திருட்டு வண்டியா என்று பார்க்கும் வசதி இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது.

கடைசியாக, நீங்கள் தனித்தனி ஆட்கள் அல்ல. ஒரே ஸ்டாண்டில், ஒரே ரயிலுக்காக, வருடக்கணக்கில் முகம் பார்த்துப் பழகியவர்கள். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டு நிலைய மேலாளரிடம் மனுக் கொடுங்கள்: வெளியேறும் வழியில் டோக்கனை வண்டி எண்ணோடு ஒப்பிட வேண்டும், கேமரா வாசலைப் பார்க்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். அதே மனுவை 139 என்ற ரயில்வே உதவி எண்ணிலும் புகாராகப் பதியுங்கள். பக்கத்து வண்டியின் ஹேண்டிலைப் புது ஆள் ஒருவர் நோண்டினால், "யாருங்க, என்ன வேணும்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இன்று வீடு திரும்பியதும் பாலிசியை எடுத்துப் பாருங்கள். ஓன் டேமேஜ் என்ற இடத்துக்கு நேரே போட்டிருக்கும் முடிவுத் தேதியைப் படியுங்கள். அது கடந்திருந்தால், நாளைக் காலை வண்டியை ரயிலடியில் நிறுத்தும் முன் புதுப்பித்துவிடுங்கள்.